குலவையை இரைச்சல் என்று அழித்த மென்பொருள்: 41 கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றிய கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசிக் கேசட்டின் கடைசிப் பக்கமும் முடிந்தது. மொத்தம் 41 கேசட். அறுபது நிமிடக் கேசட் 26, தொண்ணூறு நிமிடக் கேசட் 15. எல்லாமே மாமா தன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் 1984-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் பதிந்து வைத்த வில்லுப்பாட்டு. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். ஏழு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் செய்ததை அழித்துத் திரும்பச் செய்யவே போய்விட்டது. எங்கெங்கே தவறினேன் என்று எழுதி வைத்தால், வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் நாடாக்களின் நிலைமை. தகரப் பெட்டியில், கட்டிலுக்கடியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தவை. ஏழில் வெள்ளைப் பூஞ்சை. ஐந்தில் நாடாவை, அதைப் படிக்கும் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. திருகு வைத்த கூடு என்றால் திறந்து வேலை பார்க்கலாம். ஒட்டிய கூடு என்றால் கத்தியால் விளிம்பில் பிளந்து, நாடாச் சுருளை அப்படியே தூக்கி வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். பழைய கடை ஒன்றில் திருகு வைத்த காலிக் கேசட் ஐந்து, ஒன்று 60 ரூபாய் என்று வாங்கி அந்தக் கூடுகளைப் பயன்படுத்தினேன். பூஞ்சை பிடித்ததை மொட்டை மாடியில், முகமூடி போட்டுக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்தேன். அதை வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

ஓட்டுவதற்கு ஒரு பழைய ஸ்டீரியோ டெக் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது பெல்ட் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பெல்ட் 350, ஆல்கஹால் 180. தலை, நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, ரப்பர் உருளை மூன்றையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு துடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நாடா என்றால் பக்கத்துக்கு ஒரு தடவை.

முதல் பெரிய தவறு இங்கேதான். டெக் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி பிடித்தேன். பிந்தைய கேசட்டுகளை மாமா மைக் செட்டின் ஆம்பிளிஃபயரிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பதிந்திருந்தார். அதனால் அவற்றில் கரண்ட் இரைச்சல், அந்த 'ம்ம்ம்' சத்தம், உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அலைவரிசைப் படத்தில் அந்த இரைச்சல் 50.2-ல் தெரிந்தது. சரி, டெக் சரியாக ஓடுகிறது என்று முடிவு கட்டி ஒன்பது கேசட்டைப் பதிவேற்றிவிட்டேன்.

கேட்டுப் பார்த்த மாமாவுக்கு இப்போது 74 வயது. ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் ஊர், தேதி, சாமி பெயரை அவரே சொல்லிப் பதிந்திருக்கிறார். "மருமவனே, இது என் சத்தம் இல்ல. சின்னப் பையன் பேசுத மாரி இருக்கு" என்றார். முப்பத்தைந்து வருடம் முந்தைய குரல், அப்படித்தான் இருக்கும் மாமா என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காக 1,900 ரூபாய் கொடுத்து, சரியான வேகத்தில் ஓட்டினால் 3,150 ஹெர்ட்ஸ் காட்டும் சோதனை நாடா ஒன்று வாங்கினேன். டெக்கில் அது 3,231 காட்டியது. இரண்டரை சதவீதம் வேகம் கூடுதல், அதாவது ஒரு அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

அப்படியென்றால் இரைச்சல் மட்டும் எப்படி 50-ல் நின்றது? அந்தக் காலத்தில் தென்மண்டல மின்கட்டம் 50-க்குக் கீழே இறங்கிக் கிடப்பது சாதாரணம். பதிந்த ராத்திரி அது 49-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. வேகம் கூடிய டெக் அதை 50-க்குத் தூக்கிவிட்டது. இரண்டு பிழை ஒன்றையொன்று மறைத்துக்கொண்டது. இதில் ஜெனரேட்டரில் ஓடிய கொடைகள் வேறு உண்டு. அங்கே எந்த எண்ணையும் நம்ப முடியாது. வேகத்தைத் திருத்த மோட்டாரின் பின்புறம் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் கடிகார ஸ்க்ரூ டிரைவரை விட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 3,152-க்குக் கொண்டுவந்தேன். மாமா மறுபடி கேட்டார். "இப்ப நான்தான்."

அடுத்தது தலையின் சாய்வு. இந்த வேலை முழுவதிலும் ஒலியை மிக அதிகமாக மீட்டுக் கொடுத்தது எந்த மென்பொருளும் இல்லை, தலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு திருகு. பதிந்த கருவியின் தலையும் ஓட்டும் கருவியின் தலையும் ஒரே கோணத்தில் நாடாவைத் தொடாவிட்டால் கூர்மையான ஒலிகள் மங்கிப்போகும். மாமாவின் ரெக்கார்டர் மோனோ. அதன் தடம் நாடாவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். என் டெக் ஸ்டீரியோ. அந்த ஒரே தடத்தை இரண்டு சேனலாகப் படிக்கிறது. இரண்டையும் கூட்டினால் நாடா இரைச்சல் குறையும், ஆனால் சாய்வு சரியாக இருந்தால்தான். சாய்வு தவறினால் கூட்டும்போது மேல் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே இரண்டையும் கூட்டி ஹெட்போனில் கேட்டபடியே, ஜால்ராவின் 'கிணுங்' மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்துவேன். கேசட்டுக்குக் கேசட் அந்த இடம் மாறும். ஒரே கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும்கூட மாறும். முதல் ஒன்பது கேசட்டில் இதைச் செய்யவே இல்லை. ஒன்பதையும் முதலிலிருந்து ஓட்டினேன்.

பதிவேற்றம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி. 2,600 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி ஒலிப்பெட்டி, 4,200 ரூபாய்க்கு 1 டெராபைட் வட்டு. ஸ்டீரியோவாக நிமிடத்துக்கு 17 மெகாபைட் சொச்சம், எல்லாம் சேர்த்து 50 ஜிகாபைட். நாடா அதன் வேகத்தில்தான் ஓடும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட எதுவும் இல்லை.

இனி மென்பொருள் பக்கம். 82 பக்கத்தையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்ய முடியாது, ஒரு ஸ்கிரிப்டில் மொத்தமாகத் தள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை நீக்கும் டீப்ஃபில்டர்நெட் இலவசம், நெட் இணைப்பு வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் மடிக்கணினியிலும் ஓடும். காசு வாங்கும் இணையச் சேவைகளும் இருக்கின்றன. ஆனால் 50 ஜிகாபைட்டை ஏற்றுவது ஒரு பாடு. சாமி பாட்டை யாரோ ஒருவருடைய கணினிக்கு அனுப்புவதில் மாமாவுக்கும் விருப்பமில்லை.

முதல் ராத்திரி ஸ்கிரிப்ட் நாலாவது கோப்பிலேயே செத்தது. 45 நிமிடத்தை ஒரே மூச்சில் கொடுத்தால் 16 ஜிகாபைட் நினைவகம் போதவில்லை. ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டினேன். வெட்டிய இடங்களில் இரைச்சல் அளவு சட்டென்று மாறுவது கேட்டது. அதனால் துண்டுகள் இரண்டு வினாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு வெட்டி, ஓரங்களைக் கரைத்து ஒட்டினேன். இரண்டாவது ராத்திரி ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்ததின் பெயரில் முதல் சில எழுத்தைக் காணோம். பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் வளையத்துக்குள், ஒலிக்கோப்புகளை வெட்டவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் கருவியை ஓட்டினால், அது விசைப்பலகை உள்ளீடு என்று நினைத்து அந்தப் பட்டியலையே விழுங்குகிறது. உள்ளீட்டை மூடிவைக்கும் தேர்வைச் சேர்த்ததும் சரியானது. தமிழில் வைத்த கோப்புப் பெயர்களில் இடைவெளி இருந்ததும் ஒரு தொல்லை. மேற்கோள் குறிக்குள் பெயரைப் போடாத ஒரே ஒரு வரி ஒரு ராத்திரியைத் தின்றது.

மூன்றாவது ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடவிட்டு, மறுநாள் மதியம் பார்த்தேன். 82 பக்கமும் முடிந்திருந்தது. ஒன்றைத் திறந்து மாமாவின் அறிவிப்பைக் கேட்டேன். பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. இன்னொன்றில், பாட்டை முன்நின்று நடத்தும் அண்ணாவியின் வசனம், அதுவும் துல்லியம். அன்று சாயங்காலமே பென்டிரைவில் போட்டு மாமாவிடம் கொண்டுபோனேன்.

அவர் கேட்கச் சொன்னது நள்ளிரவுச் சாமக்கொடையில், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும் இடம். அண்ணாவி வேகம் ஏற்ற, உடுக்கையும் குடமும் ஏற, சாமியாடிக்கு அருள் வந்து பெண்கள் குலவை இடும் இடம். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "கொலவ எங்க போச்சு?" என்றார்.

குலவை இல்லை. குரலுக்கு நடுவே கண்ணாடி உரசுவது போல ஒரு நசுங்கிய தடம் மட்டும் இருந்தது. உடுக்கை இல்லை. வில்லில் கட்டிய மணிகள் இல்லை. ஜால்ரா சுத்தமாக இல்லை. குடத்தின் அடி எங்கோ தலையணைக்கடியில் கேட்டது. இடத்தே பாடுகிறவர்கள், அதாவது அண்ணாவிக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர்கள், போடும் 'ஆமா' பாதி இடத்தில் 'ஆ' என்று அறுந்து நின்றது. ஒரு மனிதர் இருட்டில் தனியாக நின்று கத்துகிற மாதிரி இருந்தது அந்தப் பாட்டு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சோதனைக்காக நான் கேட்டதெல்லாம் பேச்சு வரும் இடங்களை மட்டும்தான்.

மென்பொருள் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பேச்சைக் காப்பாற்று, மற்றதை நீக்கு என்று பழக்கப்பட்ட கருவி அது. குலவையில் சொல் இல்லை. உச்சக் குரலில் நாக்கு அதிரும் வெறும் ஒலி. உடுக்கை, மணி, ஜால்ரா எல்லாமே அதன் கணக்கில் தெருச் சத்தம். வில்லுப்பாட்டு என்ற ஒன்றை அதற்கு யாரும் காட்டியதில்லை. ஒரு கொடையின் ஒலியை என்னவென்று தெரியாத ஒன்றிடம் 82 பக்கத்தையும் காதில் போடாமல் கொடுத்தது நான். மூலக் கோப்புகளைத் தனி வட்டில், எழுத முடியாதபடி பூட்டி வைத்திருந்ததால் எதுவும் இழக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

அடுத்து டெமக்ஸ். பாட்டிலிருந்து குரல், தாளம், அடித்தொனி, மற்றவை என்று நாலாகப் பிரிக்கும். குரலை மட்டும் தனியே சுத்தம் செய்து மறுபடி சேர்க்கலாம் என்பது திட்டம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பாட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். மொத்தத்துக்கும் மூன்று பகல் மூன்று இரவு. இந்தத் தடவை இரண்டு கேசட்டை மட்டும் கொடுத்தேன். குடம் அடித்தொனிக்குப் போனது, சரி. வில்லில் அடிக்கும் வீசுகோலின் அடி தாளத்துக்குப் போனது, சரி. உடுக்கைதான் பிடி கொடுக்கவில்லை. இடுப்புக் கயிற்றை இறுக்கி விடும்போது அதன் சுருதி ஏறி இறங்குகிறது அல்லவா, அந்த நெளிவைப் பார்த்துப் பாதியைக் குரல் என்று எடுத்துக்கொண்டது. ஒரே அடியின் முன்பாதி ஒரு கோப்பிலும் பின்பாதி இன்னொரு கோப்பிலும் கிடந்தன. குலவை நாலிலும் சிதறியது. சேர்த்துக் கேட்டால் உடுக்கைக்காரர் மேடையில் இங்குமங்கும் ஓடுகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

பிறகு பழைய வழிக்குத் திரும்பினேன். சாக்ஸ் என்ற கட்டளைக் கருவியில், இரைச்சலின் மாதிரியை ஒரு வினாடி காட்டினால் அதை மட்டும் மொத்தத்திலிருந்து தணிக்கும். இதில் நுண்ணறிவு ஏதும் இல்லை, கணக்குதான். முதலில் கேசட்டின் தொடக்கத்தில் பதியாத வெறும் நாடா ஓடும் இடத்தை மாதிரியாகக் காட்டினேன். பலன் குறைவாக இருந்தது. பதிந்த நாடாவில் மைக், ஆம்பிளிஃபயர் இரைச்சலும் சேர்ந்திருக்கும்; வெறும் நாடா அதைவிட அமைதி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கூட்டம் அடங்கியிருக்கும் ஒரு வினாடிதான் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மிக அமைதியான ஒரு வினாடியைத் தேடிப் பிடிக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, கிடைத்த 82 இடத்தையும் காதால் சரிபார்த்தேன். ஆறு இடத்தில் இருமல், ஒரு இடத்தில் நாய். அவற்றைக் கையால் மாற்றினேன்.

தணிக்கும் அளவு இயல்பாக 0.5 இருக்கும். அதில் ஜால்ராவின் வால் நீர்க்குமிழி மாதிரி கொப்பளிக்கிறது. 0.12-ல் நிறுத்தினேன். நாடாச் சத்தம் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. இருக்கட்டும். கரண்ட் இரைச்சலை 50-ல் வெட்டாமல், ஒவ்வொரு பக்கத்திலும் அது உண்மையில் நிற்கும் இடத்தை, 48.7-ஓ 49.3-ஓ, அளந்து, அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் மிக ஒடுக்கமாக வெட்டினேன். அகலமாக வெட்டினால் குடத்தின் அடிவயிற்றுச் சத்தம் போய்விடுகிறது.

டீப்ஃபில்டர்நெட்டை முழுக்கத் தூக்கி எறியவில்லை. எவ்வளவு டெசிபெல் வரை தணிக்கலாம் என்று அதற்கு வரம்பு போடலாம். மாமாவின் தொடக்க அறிவிப்புகளுக்கு மட்டும் 12 டெசிபெல் வரம்பில் பயன்படுத்தினேன். பாட்டு தொடங்குகிற இடத்தில் அது நின்றுவிடும்.

ஒலி அளவைச் சமன் செய்வது எளிய வேலை என்று நினைத்தேன். எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் வடிகட்டியை ஒரே சுற்றில் ஓட்டினால், மெதுவாகப் பாடும் காப்புப் பாட்டையும் உச்சத்தில் பாடும் வரத்துப் பாட்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க ஏறி ஏறிப் போகிற பாட்டு, கடையில் ஓடும் ரேடியோ மாதிரி தட்டையாகிவிட்டது. இரண்டு சுற்று: முதல் சுற்றில் அளவெடுத்து, இரண்டாவதில் மொத்தத்தையும் ஒரே அளவு தூக்கும் நேர்கோட்டு முறை. அப்படிச் செய்தும் தட்டையாகவே வந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஏற்ற இறக்க வரம்புக்கு இயல்பாக 7 இருக்கிறது. எங்கள் பாட்டு 14. வரம்பை மீறினால் எந்தக் கூச்சலும் போடாமல் தானாகப் பழைய முறைக்குத் தாவிவிடுகிறது. வரம்பை 20 ஆக்கினேன், உரப்பின் இலக்கை மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) ஆக்கினேன். நின்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தப் பழைய முறையில் ஓடினால் வெளியே வரும் கோப்பு 192 கிலோஹெர்ட்ஸில் வந்து நாலு மடங்கு ஊதிக் கிடக்கும். 48 என்று நாமே சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உண்மையில் கைகொடுத்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான், அதாவது தேடுவதில். எந்தப் பக்கத்தில் எந்தச் சாமி கதை, எந்த நிமிடத்தில் என்று பட்டியல் வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்தை எழுதிக்கொண்டே கேட்பது ஆகிற காரியம் இல்லை. விஸ்பர் என்ற பேச்சு-எழுத்து மாதிரியின் பெரிய வடிவத்தை, கணினியிலேயே சுருக்கி ஓடும் வகையில் போட்டேன். ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். வசனம் வரும் இடங்களை ஓரளவு பிடித்தது. பாட்டை எழுதத் தெரியவில்லை. உடுக்கை மட்டும் வாசிக்கும் இடங்களில் யாருமே சொல்லாத 'நன்றி' என்று எழுதியது. ஒரு இடத்தில் ஒரே வரியை நாற்பது தடவை எழுதிக்கொண்டே போனது. முந்தைய வரியை வைத்து அடுத்ததை ஊகிக்கும் தேர்வை அணைத்து, பேச்சு இருக்கிற இடத்தை மட்டும் கொடுக்கும் தேர்வைப் போட்டதும் அது பெரும்பாலும் நின்றது.

எழுத்தாக அது பயன்படாது. ஆனால் 'சுடலை', 'பேச்சி', 'இசக்கி', 'மயானம்' என்று நாலைந்து சொல்லை அதற்குள் தேடினால், எழுத்துப் பிழையோடாவது, கதை எங்கே தொடங்குகிறது என்று பக்கத்துக்கு ஏழெட்டு இடம் கிடைத்துவிடுகிறது. அந்த இடங்களை மட்டும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் திண்ணையில் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இது பொறப்பு. இனி கோட்டையடிக்குப் போவாரு. இதுல எடத்தே பாடுதவரு புதுசு, அந்த வருசம் பழைய ஆளுக்கு ஒடம்புக்கு முடியல." இந்தக் கடைசித் தகவல் எந்தக் கேசட்டின் மேலும் எழுதியில்லை. பதினாறு சாயங்காலம் இப்படிப் போனது. ஏழு மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த பதினாறு நாட்கள் அவை.

செலவு, காலிக் கேசட் 300-ஐயும் சேர்த்து, 12,330 ரூபாய். மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் சோதனை நாடாவை முதல் நாளே வாங்குவேன். எந்த மென்பொருளையும் மொத்தமாக ஓடவிடும் முன், ஒவ்வொரு காலத்துக் கேசட்டிலிருந்தும் மூன்று நிமிடம் எடுத்து ஒரு சோதனைக் கட்டு வைப்பேன்: ஒன்றில் வசனம், ஒன்றில் உச்சப் பாட்டு, ஒன்றில் கட்டாயம் குலவை. அந்த மூன்றையும் முதலில் மாமா கேட்பார், பிறகுதான் நான். கேசட்டின் மேலட்டையையும் கூட்டையும் ஓட்டும் அன்றைக்கே படம் எடுத்துவிடுவேன். இப்போது கூடு மாற்றிய ஐந்தில் இரண்டின் பழைய அட்டை எதற்குரியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. பேட்டரி தீர்ந்துகொண்டே வரும்போது பதிந்த மூன்று கேசட் இருக்கின்றன. பதியும்போது வேகம் குறைந்துகொண்டே போனதால், ஓட்டும்போது பாட்டு வரவரக் கீச்சுக் குரலாகிறது. அதற்கு ஒரே எண்ணை வைத்து வேகம் மாற்ற முடியாது, வளைகோடாக மாற்ற வேண்டும். ஜால்ராவின் சுருதி மாறாத ஒன்று என்பதால், அதைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துப் பார்க்கிறேன். முதல் கேசட்டில் பதினெட்டு நிமிடம் வரை வந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை மாமா கேட்கிறார்.